ஆர்லிஸ் காட்டாத குழி

குதிரையேறி எங்கள் மேய்ச்சல் நிலத்துக்குள் வரும் விருந்தாளிகளிடம் ஆர்லிஸ் முதலில் சொல்வது, எப்படி உட்கார வேண்டும், கடிவாளத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை எல்லாம் இல்லை. ஒருவர் பின்னால் ஒருவர் வராதீர்கள் என்பதைத்தான். மற்ற இடங்களில் எறும்புச்சாரை போலக் குதிரை ஓட்டிப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே வருவார்கள். அவள் சேணத்தில் பாதி திரும்பி உட்கார்ந்துகொண்டு ஒரு சத்தம் போடுவாள்.

"பரவி வாங்க. ஒருத்தர் போன தடத்துல இன்னொருத்தர் வராதீங்க. இது ரோடு இல்ல, புல்லு."

ஊரில் ஆயிரம் பேரை வேலை வாங்குகிற பெரிய மனிதராக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் குதிரையை விலக்கிக்கொள்வார். எங்கள் குன்றுகள் உள்ளே வெறும் மணல். மேலே புல் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே தடத்தில் குளம்பு பட்டுப் பட்டு அந்தப் புல் கிழிந்தால் காற்று அங்கே விரலை நுழைத்துவிடும். இந்த வருஷம் ஒரு தட்டளவு மணல் தெரியும், அடுத்த வருஷம் ஒரு அறையளவு தெரியும், அதற்கப்புறம் பார்த்தால் குன்றில் பாதியைக் காணோம். அதை நாங்கள் காற்றுக்குழி என்போம். நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் ஒருவன் குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். அவன் நிலத்தில் காற்றுக்குழி இருந்தால் மன்னிக்க மாட்டார்கள். வண்டியை மெதுவாக்கி, நன்றாகப் பார்த்துவிட்டு, பேசாமல் போவார்கள்.

ஆர்லிஸ் அப்படி ஒரு குழி இருந்த வீட்டில் பிறந்தவள்.

அவள் அப்பா எமில், மழை பொய்த்த ஒரு கோடையில், வடக்குக் குன்றில் மாடுகளைக் கொஞ்ச நாள் கூடுதலாக விட்டுவைத்தார். வேறு எங்கும் புல் இல்லை, மனிதர் என்னதான் செய்வார்? குன்று வாயைத் திறந்துவிட்டது. ஆர்லிஸ் பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்தக் குழிக்குள் ஒரு மாட்டுக்கொட்டகையையே இறக்கி வைக்கலாம். ஊருக்குப் போகும் ரோடு அந்தக் குன்றை ஒட்டித்தான் போகிறது, யார் கண்ணிலும் படாமல் தப்ப முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் கார்லண்ட் டாஃப்ட், மாட்டுச் சந்தையில் நாலு பேர் நடுவில் ஒருநாள் "குழி எமில் வந்தாச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆர்லிஸைக் குழிக்காரி என்றார்கள்.

எமில் பழைய டயர்களை உருட்டிவிட்டுப் பார்த்தார், மக்கிப்போன புல்லைக் கொட்டிப் பார்த்தார், ஒரு பழைய காரையே தள்ளிப் பார்த்தார். காற்று எல்லாவற்றையும் சுற்றித் தோண்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. கடைசி வருஷங்களில் அவர் அந்த ரோட்டில் போவதையே விட்டுவிட்டார். ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும்.

இதில் நான் யார் என்றால், ஆர்லிஸின் கணவன் வேர்னுடைய தம்பி, மெர்ல். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று வந்து இந்தப் பண்ணையில் விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போடுகிறேன். எனக்குக் குதிரை ஆகாது, குதிரைக்கும் என்னை ஆகாது. பீன்ஸ் போட்ட மாட்டிறைச்சிக் குழம்பையும், பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வடக்கு மேய்ச்சலில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்குக் கீழே அவர்களுக்காகக் காத்திருப்பேன். இந்தக் கதையில் என் பங்கு அந்தக் கரண்டி அளவுதான்.

வேர்ன் அவளைக் கட்டிக்கொண்ட முதல் வசந்தத்தில் அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் குழியை மூட வேண்டும். இரண்டு பேரும் நல்ல குன்றுகளிலிருந்து மணல் புல்லை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, குழியின் உதட்டில் முழங்காலிட்டு ஒவ்வொரு கொத்தாக நட்டார்கள். பாதி செத்துப்போகும். அடுத்த வசந்தத்தில் மறுபடி நடுவார்கள். என் அண்ணன் வாய் திறந்து பேசாத ஆள். சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட ஜாடையில்தான் கேட்பான். புல் நடும்போது மட்டும் அவனுக்குப் பேச்சு வருமாம். தங்கள் கல்யாண வாழ்க்கையின் பேச்செல்லாம் அந்த மணலில்தான் நடந்தது என்று ஆர்லிஸ் ஒருமுறை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்று போடும் பருவத்தில் ஒருநாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் போனபோது குழி ஒரு சின்ன வீட்டளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஆர்லிஸ் தனியாகவே நட்டாள்.

வேர்னின் குதிரைகள் சும்மா நின்றன. நிலத்தைக் கையைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளவும் வேண்டும். வெளியூர் ஆட்களைக் குதிரையில் ஏற்றி நாட்டைச் சுற்றிக் காட்டப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான்தான் முதலில் சிரித்தேன். வெட்டவெளியைப் பார்க்க எவன் வருவான் என்றேன்.

வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது, ஒரு ஏப்ரல் விடியலில் ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனபோதுதான். பலகையால் அடித்த ஒரு மறைப்புக்குள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிழக்கு வெளுத்ததும் புல்வெளிக் கோழி என்கிற காட்டுப் பறவையின் சேவல்கள், பெட்டைகளுக்கு ஆடிக் காட்ட, ஒவ்வொன்றாக ஒரு மொட்டைத் திட்டில் வந்து இறங்கின. கழுத்தில் ஆரஞ்சுப் பழம் போல ஒரு பை புடைக்கிறது, காதோரத்து இறகு கொம்பாக நிமிர்கிறது, கால் தரையை உதைக்கிற வேகம் கண்ணுக்கே பிடிபடவில்லை. அந்தப் பையிலிருந்து ஒரு முழக்கம் வந்தது பாருங்கள், காலி பாட்டிலின் வாயில் ஊதுகிற மாதிரி, ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியாமல், தரையே ஊதுகிற மாதிரி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைச் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டவன் நான். அதற்கு இப்படி ஒரு உடம்பு இருக்கும், இப்படி ஒரு வெறி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே ஆயுளில் முக்கால்வாசி போய்விட்டது. வெளியே வந்தபோது என் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும்தான், ஆனால் குளிர்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து நான் அவளைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். அவள் எதையும் விளக்கி வாயாடுவதில்லை. குன்றின் உச்சிக்குக் கூட்டிப் போய்க் குதிரையை நிறுத்துவாள், சும்மா இருப்பாள். ஜூலை மாதம் அங்கே நின்றால் ஒரு மூலையில் மழை, ஒரு மூலையில் மின்னல், ஒரு மூலையில் வெயில், எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். மேகத்தின் நிழல் ஒரு குன்றை விளக்குப் போல அணைத்து, கடந்து வந்த குன்றை ஏற்றிக்கொண்டே நம்மை நோக்கி நடந்து வரும். அது மேலே பட்டுக் கடக்கும்போது எந்த ஊர்க்காரரும் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கும் இத்தனை வயதில் இன்னும் அலுக்கவில்லை, வெட்கமில்லாமல் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன்.

எல்லாவற்றையும் காட்டுகிற ஆர்லிஸ் ஒன்றை மட்டும் காட்டுவதில்லை. வடக்குக் குன்றின் பின்பக்கம், ரோட்டைப் பார்த்த சரிவு. காற்றாடிக்கு மிக அருகில்தான் அது, ஆனால் அவள் குதிரைகளைக் கிழக்காகச் சுற்றியே கொண்டுவருவாள். வசந்தத் தொடக்கத்தில் புல் நட்டுவிட்டு வந்தால், அடுத்த வருஷம் வரை அவளும் அங்கே போவதில்லை. அதற்குள் குழி ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வசந்தம் போனால் புல் தானாகவே மூடிவிடும். இருந்தாலும் அவளுக்கு அது அப்பாவின் கிழிந்த சட்டை.

போன வருஷம் மே மாதத்தில் கார்லண்ட் டாஃப்ட் என் சமையலறைக்கு வந்தார். எண்பது தாண்டிய மனிதர், முன்னறிவிப்பில்லாமல் யார் வீட்டுக்கும் போகாதவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் ஊற்றிய காபியைக் குடிக்காமலே ஆறவிட்டார். ஆர்லிஸ் வந்ததும், ஜூன் மாதம் புல் அறுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரத்துக்காரர்கள் எல்லோரும் டிராக்டரோடு வருகிறோம், குளிர்காலத் தீவனத்தில் மிஞ்சிய பழைய புல் உருளைகளைக் கொண்டுவந்து பிரித்துப் போட்டு அந்த மிச்சக் குழியை ஒரே நாளில் மூடிவிடுகிறோம் என்றார். யாரும் கேட்காமலே ஏன் இதைச் செய்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை. வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டு, "அந்தப் பேரை நான் வெச்சிருக்கக் கூடாது" என்று மட்டும் கதவைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை ஒருவன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய மன்னிப்பு வராது. அவர் வண்டி போனபிறகு ஆர்லிஸ் அவர் குடிக்காமல் விட்ட கோப்பையை எடுத்துக் கழுவினாள். அப்பா இருந்திருக்கலாம், மெர்ல், என்றாள். அந்தச் சனிக்கிழமைக்காக அவள் காத்திருந்ததை நான் பார்த்தேன். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கூட அப்படிக் காத்திருக்க மாட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில் ரோசெட்டா ஃபின்ச் என்ற அம்மாள் ஒரு குழுவோடு வந்தார். சிகாகோவில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல ஆகிருதி, கணீரென்ற குரல். நாற்பது வருஷம் பிடித்த சிகரெட்டை அந்த வசந்தத்தில்தான் விட்டிருந்தார். விட்டதும் மூக்கு திரும்ப வந்துவிட்டதாம். அதனால் எதையும் மோந்து பார்க்காமல் விடுவதில்லை. சேணத்தை மோந்தார், குதிரையின் கழுத்தை மோந்தார், மழை நனைத்த வேலிக்கம்பத்தை மோந்தார். என் குழம்புச் சட்டிக்குள் தலையை விட்டுச் சீரகம் கொஞ்சம் தூக்கல் என்று தீர்ப்புச் சொன்னார். ஆர்லிஸுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தம்மா என் குதிரையில் சவாரி செய்ய வந்தார்களா, அதை மோந்து பார்க்க வந்தார்களா என்று என் காதில் முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் காற்றாடிக்குக் கீழே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையெல்லாம் தெற்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று வடக்குக்குத் திரும்பியது. ரோசெட்டா வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"யாரு சென்ட் போட்டிருக்கீங்க?"

யாரும் போடவில்லை. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு, வடக்குக் குன்றைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஆர்லிஸ் எழுந்துவிட்டாள்.

"அங்க ஒண்ணும் இல்ல, மேடம்."

"ஒண்ணும் இல்லாத இடம் இப்படி மணக்காது, தாயி."

அந்த அம்மாள் நிற்கிற ரகமில்லை. நெரிசல் நேரத்தில் சிகாகோ முழுக்கப் பேருந்து ஓட்டியவரை யார் தடுப்பது? ஆர்லிஸ் பின்னால் போனாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள், ஒருவர் பின்னால் ஒருவராகத்தான், அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கரண்டியும் கையுமாகக் கடைசியில் போனேன். குன்றைச் சுற்றியதும் எனக்கும் வந்துவிட்டது அந்த மணம். தேனும் பாலும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சின மாதிரி, அதற்கு மேலே இன்னும் எதுவோ ஒன்று, அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

குழியின் உதட்டில் நின்றோம். உள்ளே வெள்ளை மணல் வழிந்து கிடந்தது. அந்த மணலில், ஒரு புல்லும் நிற்க மாட்டாத அந்தச் சரிவில், ஒரு கொத்துச் செடிகள் நின்றன. தடித்த தண்டு, மெழுகு பூசியது போன்ற இலைகள், தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக வெளிர் ஊதா நிறத்தில் குழல் பூக்கள். பாதித் தண்டு மணலில் புதைந்திருந்தது. புதைத்த மணலுக்கு மேலே மறுபடி தலையை நீட்டிப் பூத்திருந்தது. வண்டுகள் மொய்த்தன. குழியே ஒரு கிண்ணமாக அந்த மணத்தை ஏந்திக்கொண்டிருந்தது, காற்று வழித்து வழித்து எடுத்துப் போயும் அது குறையவில்லை. தினம் குழம்பு ஆற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ரோசெட்டா மணலில் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "இந்த மூக்கைத்தானே நான் எரிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு, இது என்ன செடி என்று கேட்டார்.

ஆர்லிஸ் முழங்காலிட்டு ஒரு பூவுக்கு அருகில் முகத்தை வைத்திருந்தாள். தொடவில்லை.

"தெரியல" என்றாள்.

அந்த நிலத்தில் நின்றுகொண்டு அந்தச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை அவள் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. சின்னப் பெண் திருவிழா பார்க்கிற குரல் அது.

அங்கே எடுத்த படத்தை ஆர்லிஸ் அனுப்பியதும் மாநில வனவிலங்கு அலுவலகத்திலிருந்து மாரிட் என்ற பெண் ஓடோடி வந்தாள். குழியின் விளிம்பில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு ஒரு மணிநேரம் பார்த்தாள். பிறகு காற்றாடித் தொட்டியின் மேல் உட்கார்ந்து, ஆர்லிஸிடம் மறைக்காமல் சொன்னாள். இந்தச் செடிக்கு இந்த மணல் நாடும் வயோமிங்கில் ஒரு மூலையும்தான் உலகம். ஓடுகிற மணல்தான் இதற்கு வீடு. இதன் விதைக்கு ஓடு கெட்டி, மணல் உரசி உரசித்தான் திறக்கும், அதுவரை வருஷக்கணக்கில் புதைந்து கிடக்கும். புல் வந்து சேர்ந்தால் இது போய்விடும். இங்கே எல்லோரும் நல்ல பண்ணைக்காரர்களாகி அவரவர் குழியை மூட மூட, இது இடமில்லாமல் போயிற்று. இந்தக் குழியும் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் மூடிவிடும், காற்று வருகிற பக்கத்தில் புல்லைப் பெயர்த்து யாராவது திறந்துவிட்டால் ஒழிய.

ஆர்லிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்ப நானும் வேர்னும் இத்தனை வருஷம் இதைத்தான் கொன்னுக்கிட்டு இருந்தோமா?" என்றாள்.

"புல்லக் காப்பாத்தினீங்க. ரெண்டும் நெசம்தான்" என்றாள் மாரிட். மூடுவதும் திறப்பதும் உங்கள் இஷ்டம், உங்கள் நிலம், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கட்டாயப்படுத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பழியைத் தூக்கி அரசாங்கத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

சனிக்கிழமைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆர்லிஸ் தேய்த்த குதிரையையே தேய்த்தாள். மூடினால் அப்பாவின் பெயர் கழுவப்படும், அதுவும் அந்தப் பெயரை வைத்தவர் கையாலேயே. அதற்காக அவள் ஒரு ஆயுளைக் கொடுத்திருந்தாள், வேர்னுடைய ஆயுளையும் சேர்த்து. மூடாவிட்டால் எண்பது வயது மனிதர் தொப்பியைக் கழற்றிக் கேட்ட மன்னிப்பை அவர் முகத்திலேயே திருப்பி எறிந்த மாதிரி ஆகும். ரோட்டில் வண்டிகள் இன்னும் மெதுவாகும், இந்த முறை குழிக்காரி வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள். பின்னேரங்களில் அவள் தனியாக வடக்குக் குன்றுக்குப் போய்விட்டு வருவாள். சட்டையில் அந்த மணம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள். நாளைக்கு எல்லாக் குதிரைக்கும் சேணம் போட வேண்டும் என்றாள்.

சனிக்கிழமை டிராக்டர்கள் வரிசையாக வந்தன. முன்னால் கார்லண்ட், வெள்ளைச் சட்டையில், தேவாலயத்துக்குப் போகிறவர் போல. பின்னால் பெண்கள் பழம் வைத்துச் சுட்ட பலகாரங்களையும் உருளைக்கிழங்கு சாலடையும் இறக்கினார்கள். காற்றாடிக்குக் கீழே சேணம் போட்ட குதிரைகள் நிற்பதைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் என்னோடு ஒருமுறை வர வேண்டும் என்றாள் ஆர்லிஸ். கார்லண்டுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது.

"எதுக்கு? அந்தக் குழிய நான் பார்த்ததில்லையா?"

"ரோட்டுலேர்ந்துதான் பார்த்திருக்கீங்க, கார்லண்ட்."

அவர் குதிரையில் ஏறினார். எண்பது வயதிலும் அவர் ஏறின அழகைப் பார்க்க வேண்டும். எல்லோரும் சொல்லாமலே பரவிப் போனார்கள், பிறவிப் பழக்கம். நான் நடந்து போனேன். குழியின் உதட்டில் இறங்கினார்கள். மாடு, மழை, விலை தவிர வேறு எதற்கும் தலை நிமிராத ஆண்கள், ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். யார் முதலில் கழற்றினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

ஆர்லிஸ் மாரிட் சொன்னதையெல்லாம் சொன்னாள். தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள், விருந்தாளிகளிடம் பேசுகிற தெளிவு இல்லை. கடைசியில், "மூட வேணாம். இன்னும் கொஞ்சம் திறக்கணும். வடமேற்குப் பக்கம் நானும் வேர்னும் நட்ட புல்லுதான் நெருக்கிக்கிட்டு வருது" என்றாள்.

"குழியப் பெருசாக்கவா எங்கள டிராக்டரோட கூப்பிட்டே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

கார்லண்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பன் மேல நான் போட்ட பேரை இன்னிக்கு எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீ வேணாங்கிற."

"இருக்கட்டும். இனிமே அதக் கேட்டா எனக்கு வலிக்காது."

அவர் மணலில் இரண்டு அடி இறங்கினார். நரைத்த மீசைக்கு மேல் அந்த மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. "எமிலுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. இருந்திருக்கும், அவரு பார்க்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டு டயர் உருட்டினாரு."

"நாங்கதான் குனிய வெச்சோம்" என்றார் கார்லண்ட்.

ஆர்லிஸ் வடமேற்கு உதட்டுக்குப் போனாள். அங்கே புல் இடுப்புயரம் நின்றது, காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டு, அத்தனை ஆரோக்கியமாக. அவள் முழங்காலிட்டு ஒரு கொத்தை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். வரவில்லை. குதிகாலை ஊன்றி இழுத்தாள். மணலுக்கடியில் கயிறு போல ஒரு வேர் பிரிந்து வந்தது, கைநீளம், ஆள்நீளம், அதற்கு மேலும் வந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. அவள் தொப்பென்று பின்னால் உட்கார்ந்துவிட்டாள். வேர் கையில் இருந்தது. தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான்.

"உங்கண்ணன் நட்டது, மெர்ல்" என்றாள். "இவ்வளவு நல்லா நட்டிருக்க வேணாம்."

கார்லண்ட் வெள்ளைச் சட்டையோடு அவள் பக்கத்தில் மெல்ல மண்டியிட்டார். மணலைத் துழாவி, அந்த வேரை அவள் கைக்கு முன்னால் ஒரு பிடி பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வேர் வந்தது. அதன் பின்னாலேயே மணலும் சரிந்து வந்தது, காற்று அதை அள்ளிப் பூக்களின் மேல் தூவிக்கொண்டு போனது.